ஹவுகெட்டோ இறக்கம்

அனஸ்ரேசியா சவிரிமுத்துவின் முகம் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் பலருக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. நாற்பதைத் தாண்டிய ஒல்லியான தமிழ்ப் பெண், தலையில் கறுப்புக் கவசம், கக்கத்தில் நாலு சில்லுப் பூட்டிய நீளமான பலகை. இளசுகள் படிக்கட்டில் துள்ளிக் காட்டுகிற வித்தை இல்லை அவள் செய்வது. ஒரு கால் பலகையில், மறு கால் நிலத்தில். உந்துவாள், வழுக்கிப் போவாள், வேகம் குறையும்போது திரும்ப உந்துவாள். அப்படியே இருபது கிலோமீற்றர், முப்பது கிலோமீற்றர், ஒருமுறை ஒரே நாளில் எழுபத்தெட்டு.

வேலை ஒஸ்லோவின் ஒரு மருத்துவமனையில். அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, தட்டுத் தட்டாக அடுக்கி அனுப்புகிற பிரிவு. கத்தரியோ இடுக்கியோ எதுவானாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாய் சரியாகப் பொருந்துகிறதா என்று திறந்து மூடி, அதற்குப் பிறகுதான் தட்டை மூடிக் கையெழுத்து வைப்பாள். பதினெட்டு வருடத்தில் அவள் கையெழுத்து வைத்த தட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அனா பார்த்தால் பார்த்ததுதான் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு ஒரு காலத்தில் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பதினொரு வயதில் ஊர்காவற்றுறையிலிருந்து தாய் நேசமணியோடு, முன்பே நோர்வே வந்திருந்த தகப்பனிடம் வந்தவள். தம்பி றஜீவ் அப்போது இடுப்புக் குழந்தை. வந்த ஏழாம் வருடம் தகப்பன் நெஞ்சுவலியில் போய்விட்டார். நேசமணி விடியற்காலையில் அலுவலகங்களைத் துடைக்கப் போனதால் தம்பியைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துவது அக்காவின் பொறுப்பாயிற்று. குளிர்காலத்தில் பனிச்சறுக்குச் சப்பாத்தின் கயிற்றை அவள்தான் கட்டிவிடுவாள். கட்டிய பிறகு கணுக்காலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். விரல் போனால் முழுவதையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள். அவன் அழுதாலும் விடமாட்டாள்.

பலகை அவள் வாழ்க்கைக்குள் வந்தது நாற்பதாவது வயதில், மணமுறிவு முடிந்த கையோடு வந்த ஒரு ஜூலை மாதத்தில். தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டுப் பதிலுக்குப் பேருந்து விட்டிருந்தார்கள். ஃபியோர்ட் கடற்கழியின் கரையோரத் தெருவில் பேருந்து நகராமல் நின்றபோது, பக்கத்துச் சைக்கிள் பாதையில் நரைத்த தலையோடு ஒரு பெண் நீளப் பலகையில் உந்திக்கொண்டு போனதைக் கண்டாள். பேருந்து கொஞ்சம் ஓடி அவரை முந்தும், பிறகு நிற்கும், அவர் திரும்ப முந்துவார். மூன்றாம் முறை முந்தியபோது அனஸ்ரேசியா இருக்கையை விட்டு எழுந்து நின்று பார்த்தாள். வியர்வையும் அலுப்புமாக உள்ளே இருந்த அத்தனை பேரையும் விட அந்த அம்மா சுகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

நகரின் கிழக்குப் பக்கம் ஒரு சிறு கடை. நடத்துபவர் ஜோனாஸ், ஐம்பது வயது, அதிகம் கதைக்காத ஆள். எந்தப் பலகை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் போவாய், எந்த ரோட்டில், உன் எடை என்ன என்று கேட்டார். கண்ணை மூடி நிற்கச் சொல்லி முதுகில் மெல்லத் தள்ளி, எந்தக் கால் முன்னுக்குப் போகிறது என்று பார்த்தார். பிறகு ஒரு தட்டையான பெட்டியில் ஒற்றைக் காலில் ஏற்றி, மற்றக் காலால் நிலத்தைத் தொட்டு எழும்பச் சொன்னார். இருபது முறை. அடுத்தது இரண்டு விரல் உயரம் கூடிய பெட்டி. பத்தாம் முறையிலேயே முழங்கால் எரிந்தது. நடுப்பகுதி நிலத்தோடு தாழ்ந்த பலகைதான் தூரத்துக்கு நல்லது என்பது அப்போது அவளுக்கு விளங்கியது. ஒவ்வொரு உந்தலுக்கும் முழங்கால் மடிகிறது, ஒரு நாளில் அது பத்தாயிரம் தரம் மடியும்.

சில்லு பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கவேண்டும், ரோட்டு வெடிப்பில் தடக்காமல் ஏறிப்போவதற்கு. பெயாரிங் விலை கூடியது வேண்டியதில்லை; ஒழுங்காகத் துடைத்தால் சாதாரணமே போதும். கடைசியாக, சில்லு பூட்டியிருக்கும் அச்சைக் கழற்றி, நடுவே இருந்த சுண்டுவிரல் பருமனான ரப்பர் வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். புஷ். பலகை எவ்வளவு சரியும், எப்போது நிமிரும் என்பதை முடிவு செய்வது இதுதான் என்றார். மெலிந்தவருக்கு இளக்கமானது, பாரமானவருக்கு இறுக்கமானது. உன்னுடையதில் தொண்ணூறு கிலோ ஆள் ஏறினால் மெல்லப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் பிடித்ததும் அச்சு இரண்டு பக்கமும் துடிக்கத் தொடங்கும், பிறகு யாராலும் பிடிக்க முடியாது. அனஸ்ரேசியா அதைக் கவனமாகக் கேட்டாள். அவள் எதையும் கவனமாகக் கேட்பவள்.

றஜீவ் அப்போது துரொண்ட்ஹெய்மில் இருந்தான். அங்கே பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே வேலை எடுத்து, யூலியாவைக் கட்டி, அங்கேயே தங்கிவிட்டவன். ஆறடி உயரம், தொண்ணூற்றிரண்டு கிலோ, எதற்கும் சிரிக்கிற முகம். அக்கா பலகையில் போகிற கதையைக் கேட்டு முதலில் பகிடி பண்ணினான். அடுத்தடுத்த வருடங்களில் ஒஸ்லோவுக்கு வரும்போதெல்லாம் அவளுடைய பழைய பலகையை எடுத்துக்கொண்டு கூடவே வெளிக்கிட்டான். அவனுடைய உந்தலுக்கு ஒரு தனித் தாளம் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு உந்தல், பிறகு நீளமாக ஒரு வழுக்கல். 'தட் தட்', பிறகு இழுபட்ட சில்லோசை. மற்றவர்கள் ஒவ்வொன்றாக உந்துவார்கள். பெரிய உடம்புக்காரன் என்பதால் அவனுக்கு அப்படித்தான் வந்தது.

2022 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் தனியாக வந்தான். அவனுக்கென்று இறுக்கமான புஷ் இரண்டு சோடி அவள் முன்பே வாங்கி வைத்திருந்தாள். அது சமையலறை மேசை லாச்சிக்குள் பைக்கற் பிரிக்காமல் கிடந்தது. சனிக்கிழமை இருவரும் ஃபோர்னெபு சமதரையில் முப்பத்தொரு கிலோமீற்றர் போனார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, அவள் கணவாய்க் கறி தாளிக்கும்போது அவன் வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னான்:

"அக்கா, பலகை கொஞ்சம் ஆடுது. அந்தப் புஷ்ஷை மாத்துவமே?"

"நாளைக்குப் பாப்பம் தம்பி. கை கழுவிப்போட்டு வா, சாப்பிடு."

திருகுகிற ஒரு சாவி, ஒரு நட்டு, பத்து நிமிட வேலை. அடுத்த நாள் காலை, கரையோரப் பாதைக்குப் போகச் சப்பாத்துக் கட்டும்போது அவளுக்கு அது ஞாபகமும் வந்தது. இறக்கத்தில் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்துதானே போகப்போகிறோம், மிச்சம் சமதரைதானே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கதவைப் பூட்டினாள்.

ஹவுகெட்டோ மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற நடைபாதை அது. அவள் முன்னே நடந்தாள். பாதி இறக்கத்தில் பின்னால் சில்லுச் சத்தம் கேட்டது. திரும்பும் முன்னமே குரலும் வந்தது. சிரித்த குரல். "விலத்துங்கோ, அக்கா." அவள் வலப்பக்கம் விலத்தினாள். காற்றுப்போலக் கடந்து போனான். வளைவுக்கு முன்னால் அச்சுத் துடிக்கிற சத்தத்தை அவள் தெளிவாகக் கேட்டாள்: படபடவென்று, கூட்டுக்குள் அகப்பட்ட பறவை அடிப்பது போல. பிறகு பாதையோரத்துக் கல் கம்பம். கவசம் போட்டிருந்தான். அது போதவில்லை. மூன்றாம் நாள் காலையில் யூலியா ஒரு பக்கமும் நேசமணி ஒரு பக்கமும் கையைப் பிடித்திருக்க, அவன் மூச்சு நின்றது.

விபத்து என்று எழுதினார்கள். வேறு யாரும் சம்பந்தப்படவில்லை. பலகையைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அவள் கட்டடத்தின் நிலவறைக்குக் கொண்டுபோய், அங்கேயே நின்று அச்சைக் கழற்றிப் பார்த்தாள். இளக்கமான ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி உதடு போலத் தள்ளிக்கொண்டு நின்றது. பூட்டிவிட்டு மேலே வந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. தமிழ்த் திருப்பலி முடிந்து வந்தவர்கள், உம்மிலை என்ன பிழை பிள்ளை, ஆண்டவர்ரை சித்தம் என்றபோது தலையை ஆட்டினாள். றொம்மனில் தாய் வீட்டில், அந்தப் பலகைதான் என்ரை பிள்ளையைத் திண்டது என்று நேசமணி சுவரைப் பார்த்துச் சொன்னபோதும் தலையை ஆட்டினாள்.

வைத்தியர் நாலு கிழமைக்குச் சீக்கமெல்டிங் எழுதிக் கொடுத்தார். அந்த விடுப்பு முடிந்து வேலைக்குப் போனவள், ஒரு தட்டைப் பார்க்க மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைவிட மூன்று மடங்கு எடுத்தாள். கையெழுத்து வைத்த பிறகும் தட்டைத் திறக்கவேண்டும் போல விரல் குறுகுறுக்கும். பலகையில் பதினொரு மாதம் ஏறவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில், பனிக்காலத்துக்குப் பாதைகளில் போட்ட பொடிக்கல்லை மாநகரசபை வண்டி கூட்டி எடுத்த கிழமை, அவள் தன்னுடைய பலகையோடு ஃபோர்னெபுவுக்குப் போனாள். உடம்பு கேட்டது. ஞாயிறு முற்பகல், நல்ல வெயில், பாதையில் ஆள் குறைவு. இரண்டாம் கிலோமீற்றரில் பின்னால் இன்னொருவர் வருவது கேட்டது. வழி விட ஓரம் எடுத்தாள். யாரும் கடந்து போகவில்லை. 'தட் தட்', பிறகு நீள வழுக்கல். 'தட் தட்', பிறகு நீள வழுக்கல்.

காலைத் தேய்த்து நின்றாள். அவள் நின்று ஒரு நொடி கழித்து அதுவும் தேய்த்து நின்றது. திரும்பிப் பார்த்தாள். நேரான பாதை, இருபக்கமும் பழுப்புப் புல், தூரத்தில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பதி. வேறு யாரும் இல்லை.

அன்றைக்கு மிச்சத் தூரத்தை நடந்தே முடித்தாள். ஆனால் அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு கிலோமீற்றர் தனியாக விடும், பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். முந்தாது, பின்தங்காது. சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் அவள் சத்தம் எதிரொலிக்கும்; பின்னால் வருவது எதிரொலிக்காது. அதுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது.

அவள் கருவி பார்க்கிற பெண். பயத்தையும் அப்படியே பார்க்கத் தொடங்கினாள். எங்கோ ஒரு நட்டு இளகி இருக்கலாம் என்று எல்லாவற்றையும் இறுக்கினாள். பெயாரிங் எட்டையும் கழற்றி, கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டாள். சத்தம் வந்தது. அச்சை மாற்றினாள். வந்தது. கடைசியில் ஜோனாசிடம் போனாள். என்ன மாதிரிச் சில்லு வேண்டும் என்று அவர் கேட்க, சத்தமில்லாதது என்றாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். தம்பியின் கதை அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் கடையில் இருந்ததிலேயே பெரிதும் மென்மையுமான நாலு சில்லை எடுத்துவந்து, இது பூனை நடக்கிற மாதிரிப் போகும் என்று சொல்லித் தன் கையாலேயே பூட்டிவிட்டார்.

உண்மைதான். அவளுடைய சத்தம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அதனால் மற்றச் சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. அது பழைய சில்லின் சத்தம். அவளுடைய பழைய பலகையில் இருந்த, இப்போது நிலவறையில் கறுப்புப் பைக்குள் கிடக்கிற சில்லின் சத்தம். இடது பின் சில்லு ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மெல்லிய ஒரு 'டிக்'. அந்த 'டிக்'கும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதையும் மாற்றவில்லை. பாதையில் போகும்போது இடப்பக்கம் ஒரு ஆள் வரக்கூடிய இடம் விட்டுப் போகப் பழகினாள். எதிரே வருகிற சைக்கிள்காரர்கள், ஏன் இந்தப் பெண் இவ்வளவு ஓரமாகப் போகிறாள் என்று பார்த்தார்கள். ஹவுகெட்டோ இறக்கத்துப் பக்கம் மட்டும் அவள் போகவே இல்லை. கரையோரப் பாதைக்கு ரயிலில் சுற்றிப்போய்த்தான் இறங்கினாள்.

ஜூன் தொடக்கத்தில் துரொண்ட்ஹெய்மிலிருந்து யூலியா தொலைபேசியில் கூப்பிட்டாள். தாதியாக வேலை செய்கிறவள், முப்பத்திரண்டு வயது, சொற்களைச் சிக்கனமாகப் பாவிப்பவள். ஆண்டுத் திருப்பலிக்குப் பிறகு இருவரும் கதைத்திருக்கவில்லை. சுகம் விசாரித்து முடிந்ததும் நேரே விசயத்துக்கு வந்தாள்.

"மச்சாள், நான் ஒஸ்லோவுக்கு வாறன். எனக்கொரு பலகை பாத்து வையுங்கோ. அவர் போன ரோட்டாலை நானும் ஒருக்காப் போகோணும்."

"உமக்கு உது சரிவராது, யூலியா."

"சரிவருமோ எண்டு நான் கேக்கேல்லை. எந்தப் பலகை எண்டுதான் கேட்டனான்."

அந்தக் கிழமை முடியாது என்று சொல்ல அனஸ்ரேசியா நாலு தரம் தொலைபேசியை எடுத்தாள். பிறகு ஜோனாஸ் தன்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினாள். உயரம், எடை, சப்பாத்து அளவு, எந்தக் கால் முன்னுக்கு. யூலியா அன்றைக்கே பதில் போட்டாள்: அறுபத்தொரு கிலோ, இடது கால், முழங்காலில் பழைய நோ ஒன்று உண்டு. அந்த நோவுக்காகக் கடையில் இருந்ததில் மிகத் தாழ்ந்த பலகையைத் தேடி எடுத்தாள். பழகாத ஆள் என்பதால் சில்லுப் பெரியதாக இல்லாமல் நடுத்தரமாக, தொடங்கும்போது பாய்ந்து ஓடாததாக எடுத்தாள். கைமூட்டு, முழங்கால் காப்பு, கவசம். புஷ் மட்டும் எடுக்காமல் கடையை விட்டு வந்துவிட்டாள். வாசலில் நின்று, திரும்பிப் போய், அறுபது கிலோவுக்கானதில் இரண்டு சோடி கேட்டு வாங்கினாள். ஜோனாஸ் பைக்கற்றில் எழுதியிருந்த எண்ணை உரக்க வாசித்துக் காட்டினார். அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார்.

யூலியா ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தாள். சாப்பிட்டு முடிந்து, விறாந்தையில் பழைய துணி விரித்துப் பலகையைக் கவிழ்த்து வைத்து அனஸ்ரேசியா பூட்டத் தொடங்கினாள். யூலியா பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டாள். சின்னச் சாவி சமையலறை லாச்சிக்குள் இருக்கிறது, எடுத்துவாரும் என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் லாச்சிக்குள் வேறென்ன இருக்கிறது என்பது உறைத்தது.

யூலியா சாவியோடும் பைக்கற்றோடும் வந்தாள்.

"இது ஆருக்கு வாங்கினது? தொண்ணூறுக்கு மேலை எண்டு போட்டிருக்கு."

"தம்பிக்கு."

"இன்னும் உடைக்கேல்லையே."

அனஸ்ரேசியா கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தாள். ஒரு வருடமாக யாருக்கும் சொல்லாததை, தட்டு ஒன்றில் என்னென்ன கருவி இருக்கிறது என்று வாசிக்கிற குரலில், ஒன்றும் விடாமல் சொன்னாள். ஜோனாஸ் சொன்னது, தான் வாங்கி வைத்தது, கணவாய்க் கறி, சப்பாத்துக் கட்டும்போது ஞாபகம் வந்தது, நிலவறையில் பிதுங்கிய ரப்பர். முடிந்த பிறகு யூலியா இரண்டே கேள்வி கேட்டாள்.

"அவர் உங்களிட்டைக் கேட்டவரோ, மாத்தித் தரச் சொல்லி?"

"ஓம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நாளைக்கு எண்டு."

யூலியா எழும்பினாள். எனக்குக் கோவம் வருது மச்சாள், இப்ப என்னோடை ஒண்டும் கதையாதேங்கோ என்று சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அனஸ்ரேசியா ஜன்னலால் பார்த்தாள். ரயில் நிலையத்துப் பக்கம்தான் போனாள். ஒரு ரயில் வந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று. இவள் துணியின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரயில் ஏறிப் போயிருந்தால் அதுதான் நியாயம் என்று நினைத்தாள்.

மூன்று மணித்தியாலம் கழித்து வாசல் மணி அடித்தது. யூலியா கண் வீங்கி நின்றாள். உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, விரித்த துணிக்கு மற்றப் பக்கம் இருந்தாள்.

"அதை மாத்தியிருந்தா அவர் இருந்திருப்பாரோ?"

"தெரியாது. அந்த வேகத்துக்கு, இறுக்கமானது எண்டாலும் விழுந்திருக்கலாம். விழாமலும் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, யூலியா."

"எனக்கும் தெரியாது. மன்னிச்சிட்டன் எண்டு நான் பொய் சொல்லமாட்டன்." துணியில் கிடந்த சாவியை எடுத்து நீட்டினாள். "இப்ப மிச்சத்தைப் பூட்டுங்கோ. நாளைக்கு எண்டு விடாதேங்கோ."

பூட்டினாள். நட்டை இறுக்கி, யூலியாவை ஏறி நிற்கச் சொல்லி, பலகை எவ்வளவு சரிகிறது என்று நிலத்தோடு கன்னத்தை வைத்துப் பார்த்து, அரைச் சுற்று இளக்கி, திரும்ப ஏறச் சொன்னாள்.

நாலு நாள் ஃபோர்னெபுவில் பழக்கினாள். முதல் நாள் யூலியா ஐந்து மீற்றருக்கு ஒரு தரம் விழுந்தாள். நாலாம் நாள் எட்டுக் கிலோமீற்றர் நிற்காமல் போனாள். அந்த நாலு நாளும் அனஸ்ரேசியாவுக்குப் பின்னால் யூலியாவின் சில்லுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மற்றது வரவில்லை. ஒரு பக்கம் ஆறுதல். ஒரு பக்கம், யாரையோ வழியில் தொலைத்துவிட்டு வந்தது போன்ற பதைப்பு.

ஐந்தாம் நாள் காலை இறக்கத்துக்குப் போனார்கள். நடந்துதான் இறங்குவது என்பதில் இருவருக்கும் பேச்சே இருக்கவில்லை. பலகைகள் கையில். இரவு பெய்த மழை காய்ந்து பாதை வெளுத்திருந்தது. அனஸ்ரேசியா முன்னே, யூலியா நாலடி பின்னே. பாதி இறக்கத்தில் அந்தச் சத்தம் வந்தது. மேலேயிருந்து, தூரத்தில் தொடங்கி, வேகம் ஏறி ஏறி. 'தட் தட்' இல்லை இப்போது. உந்தாமல் ஓடிவருகிற சில்லின் ஒரே இரைச்சல், அதற்குள்ளே அந்த 'டிக்'. அவள் திரும்பவில்லை. தனக்கு மட்டும் கேட்கிற சத்தத்துக்காக யூலியாவைப் பயப்படுத்தக் கூடாது என்று பல்லைக் கடித்து நடந்தாள்.

அப்போது யூலியா வலப்பக்கமாகப் புல்லுக்குள் கால் வைத்து விலத்தி நின்றாள். பின்னால் வருகிற ஒருவருக்கு வழி விடுகிறவர்கள் நிற்பது போல, பலகையை உடம்போடு அணைத்துக்கொண்டு, பாதையைத் திரும்பிப் பார்த்தபடி.

சத்தம் அவர்களைக் கடந்து போயிற்று. அனஸ்ரேசியாவின் இடது கையில் காற்றுப் பட்டது. வளைவு வரை போனது. படபடப்பு வரும் என்று அவள் கண்ணை இறுக்கி மூடினாள். வரவில்லை. அது அப்படியே வளைந்து, கடல் பக்கமாகப் போய், தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

யூலியா வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்துக்கு விலத்தினீர்?" என்று கேட்டாள் அனஸ்ரேசியா.

"ஆரோ வேகமா வாற மாதிரிக் கேட்டுது. ஒருத்தரையும் காணேல்லை."

அனஸ்ரேசியா அவளைப் புல்லில் உட்காரவைத்து, விலத்துங்கோ என்ற தம்பியின் கடைசிச் சொல்லைச் சொன்னாள். அதைக்கூட அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னவன் என்பதையும், ஏப்ரலிலிருந்து தன் பின்னால் வருகிற சத்தத்தையும் சொன்னாள். யூலியா அதைக் கேட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்து நெடுநேரம் அழுதாள். துரொண்ட்ஹெய்ம் வீட்டுச் சமையலறை ஒடுக்கமாம். சூட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் விலத்தும், விலத்தும் என்று பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு வருவானாம். அந்தச் சொல்லை இந்த ஒரு வருடமாகத் தான் மறந்தே போயிருந்ததாக அழுகைக்கிடையே சொன்னாள்.

பிறகு எழும்பி அடிவாரம் வரை நடந்து, பலகைகளை நிலத்தில் வைத்து, ஃபியோர்ட் கரையோரமாகப் பதினொரு கிலோமீற்றர் போனார்கள். யூலியா ஒரு தரம்தான் விழுந்தாள். அடுத்த நாள் பலகையோடு ரயிலேறினாள்.

அந்த ஞாயிறு அனஸ்ரேசியா றொம்மனுக்குப் போய், புஷ் மாற்றாமல் விட்டதைத் தாயிடமும் சொன்னாள். நேசமணி இறால் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்த பிறகும் கையை நிறுத்தவில்லை. கடைசி இறால் வரை உரித்து, கோதை அள்ளிக் கொட்டி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதிலிருந்து ஏழு கிழமை மகளோடு பேச்சில்லை. எட்டாம் கிழமை, பூசை முடிந்து வெளியே வரும்போது, குளிருது, மேற்சட்டையைப் பூட்டு பிள்ளை என்று சொன்னார். வேறொன்றும் இன்றுவரை சொல்லவில்லை.

ஒக்டோபரில் யூலியா கூப்பிட்டாள். அங்கே ஆற்றங்கரைப் பாதை முழுக்க ஈர இலையாம்; சில்லு வழுக்குகிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஈரத்தில் வெளிக்கிடவேண்டாம், போய்த்தான் ஆகவேண்டுமென்றால் வந்ததும் பெயாரிங்கைக் கழற்றி உலர்த்தவேண்டும் என்று அனஸ்ரேசியா விளக்கினாள். கிழமைக்கு மூன்று நாள் போகிறாளாம். அதிகாலையில், ஆளில்லாத நேரத்தில், மெல்ல மெல்ல, காதைத் தீட்டிக்கொண்டு.

"இஞ்சை எனக்குப் பின்னாலை ஒருத்தரும் வாறேல்லை, மச்சாள்," என்றாள்.

பிறகு யூலியாவே கேட்டாள்.

"உங்களுக்கு இன்னும் கேக்குதோ?"

"ஓம்."

"குடுத்து வைச்சனீங்கள்," என்றாள் யூலியா.